கேள்விக்கு முன்பே வந்த பதில்

"மெசேஜ் எல்லாம் தப்பு நேரம் காட்டுகிறது, போன் கெட்டுவிட்டது போலிருக்கிறது" என்று யார் வந்து போனை நீட்டினாலும், அதைக் கையில் வாங்கும் முன் நான் ஒன்றுதான் கேட்பேன்: எவ்வளவு தப்பு? பலருக்கு இந்தக் கேள்வியே எரிச்சலூட்டும். தப்பு என்றால் தப்புதான், அதில் அளவு என்ன வேண்டிக்கிடக்கிறது என்பார்கள். ஆனால் அளவில்தான் விஷயமே இருக்கிறது. சரியாக ஒரு மணி நேரம் பிசகியிருந்தால் ஒரு காரணம். ஏழு நிமிடம் பிசகியிருந்தால் வேறொன்று. இரண்டு நாள் பிந்தியிருந்தால் அநேகமாகப் போனின் மீது குற்றமே இல்லை. 1970 என்று காட்டினால் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், சிக்கல் கணக்கில் இருக்கிறது.

குறுஞ்செய்தியின் கீழே பொடி எழுத்தில் தெரிகிற நேரத்தை, எழுதியவர் அதை அனுப்பிய நேரம் என்றே எடுத்துக்கொள்கிறோம். எஸ்எம்எஸ்ஸைப் பொறுத்தவரை அந்த நேரம் நம் போனுக்கு வந்து சேர்வதே இல்லை. அனுப்பும் போன் நெட்வொர்க்கிடம் ஒப்படைக்கிற பொட்டலத்தில் யாருக்கு, என்ன, எத்தனை காலம் வைத்திருந்து முயலலாம் என்பதற்கெல்லாம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்; எப்போது எழுதப்பட்டது என்பதற்கு ஒதுக்கவில்லை. இடையில் இருக்கும் குறுஞ்செய்தி மையம் அதை வாங்கிக்கொண்ட நேரத்தைத் தன் கடிகாரத்தைப் பார்த்துக் குத்துகிறது. கடிதத்தின் மேல் தபால் நிலையம் குத்தும் முத்திரையைப் போலத்தான். கடிதம் எழுதியவர் அதை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்தாரா என்பது முத்திரைக்குத் தெரியாது. சிக்னல் இல்லாத இடத்தில் எழுதி, அது அனுப்பப்படாமலே கிடந்து, வெளியே வந்த பிறகு போன சேதியும் அப்படியே. வெளியே வந்த நேரம்தான் அதன் நேரம்.

முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று போனது. நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கணினியிலிருந்து வோடஃபோனின் ரிச்சர்ட் ஜார்விஸுக்கு 'மெர்ரி கிறிஸ்மஸ்' என்று அனுப்பினார். ஜார்விஸின் போனில் செய்தியைப் பெற முடியும், அனுப்ப முடியாது. கிறிஸ்மஸுக்கு மூன்று வாரம் முன்பே வாழ்த்து வந்ததைத் தவிர அதில் நேரக் குழப்பம் எதுவும் இல்லை. பதில் அனுப்பவே வழியில்லாத இடத்தில் வரிசை எப்படித் தவறும்?

பதில் என்று ஒன்று வந்தபோதுதான் தொல்லை தொடங்கியது. வருகிற செய்தியில் மையத்தின் நேரம் இருக்கிறது. நாம் அனுப்புகிற செய்திக்கு நம் போன் தன் கடிகாரத்தின் நேரத்தைப் போட்டு வைத்துக்கொள்கிறது. இரண்டு வேறு கடிகாரங்கள் சொன்ன நேரங்களை ஒரே பட்டியலில் வைத்து வரிசைப்படுத்துகிறோம். அவை ஒத்துப்போகிற வரை யாருக்கும் எதுவும் தெரியாது. போன் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கினால் போதும், ஒரு நிமிடத்தில் நீங்கள் சொன்ன பதில் கேள்விக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

என் சித்தி மகளுக்கும் அவள் தம்பிக்கும் இதனால் ஒரு சண்டையே வந்தது. அவள் கேட்டிருக்கிறாள்: "அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?" அவன்: "இன்னும் இல்லை." அவள்: "நான் சொல்லட்டுமா?" அவன்: "சரி அக்கா." அவளும் சொல்லிவிட்டாள். சில வாரம் கழித்து, அம்மாவிடம் யார் எதற்காகச் சொன்னார்கள் என்ற பேச்சு எழுந்தபோது அவன் தன் போனை எடுத்துக் காட்டினான். அதில் "இன்னும் இல்லை", "சரி அக்கா" இரண்டும் மேலே இருந்தன. அக்காவின் இரண்டு கேள்விகளும் கீழே, பதிலே இல்லாமல். "பார், நான் ஒன்றுமே சொல்லவில்லை, நீயாகப் போய்ச் சொல்லியிருக்கிறாய்." அவள் போனிலோ எல்லாம் ஒழுங்காக இருந்தது. இருவருமே ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தார்கள், இருவருமே பொய் சொல்லவில்லை. அவன் போனில், நெட்வொர்க்கிலிருந்தோ இணையத்திலிருந்தோ தானாகவே நேரத்தை வாங்கிக்கொள்ளும் 'தானியங்கி நேரம்' அணைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அது தெரிந்த பிறகும் அவர்கள் உடனே சமாதானமாகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டால் போன் தன் உள்ளே இருக்கிற குவார்ட்ஸ் படிகத்தை நம்பித்தான் ஓட வேண்டும். சாதாரணமாக இந்தப் படிகங்களுக்குப் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. கேட்கும்போது ஒன்றுமில்லாதது போல இருக்கும். நாளுக்கு ஒன்றே முக்கால் விநாடி. ஓராண்டில் பத்து நிமிடம். ஆகவே நேரம் ஏழெட்டு நிமிடம் என்று ஒழுங்கற்ற அளவில் பிசகி, அதுவும் மெல்ல மெல்லக் கூடியிருந்தால், அந்தப் போனில் யாரோ எப்போதோ தானியங்கியை அணைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமலே சொல்லலாம். தானியங்கி இயங்கினாலும் முழு நிம்மதி கிடையாது. போன் டவருடன் பதிவு செய்துகொள்ளும்போது நெட்வொர்க் தன் நேரத்தையும் நேர மண்டலத்தையும் சொல்லும் வசதி ஒன்று உண்டு. ஆனால் அதைத் தருவது நிறுவனத்தின் விருப்பம். அதற்கான தொழில்நுட்ப விதியே நிமிட அளவிலான துல்லியத்தைத்தான் கேட்கிறது. இணையத்திலிருந்து நேரம் வாங்கும் போன்கள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன.

பிசகு சரியாக ஒரு மணி, அல்லது ஐந்தரை மணி, அல்லது எட்டு மணி என்று வழுவழுப்பாக இருந்தால் கடிகாரம் சரியாகவே ஓடுகிறது. நேர மண்டலம்தான் தவறு. போனின் உள்ளே நேரம், உலகப் பொது நேரமான கிரீன்விச் கணக்கில்தான் இருக்கும். திரையில் காட்டும்போது மட்டும் மண்டலத்துக்கு ஏற்பக் கூட்டியோ கழித்தோ காட்டும். வெளிநாடு போய் இறங்கியதும் பலர் செய்வது என்னவென்றால், மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் தள்ளி வைப்பது. திரையில் உள்ளூர் நேரம் வந்துவிடும், உள்ளே கிரீன்விச் நேரம் பல மணி பிசகிவிடும். அதற்குப் பிறகு அனுப்பும் செய்தி ஒவ்வொன்றும் அந்தப் பிசகோடுதான் சேமிக்கப்படும். ஊர் திரும்பி மணியைச் சரிசெய்த பிறகும் அந்த வாரத்துச் செய்திகள் மட்டும் முன்னும் பின்னுமாகக் கிடக்கும். பயணத்தில் எடுத்த படங்களுக்கும் இதே கதி நேரலாம்.

மண்டலத் தவறு மையத்தின் பக்கமும் நடக்கும். மையம் குத்துகிற முத்திரை ஏழே ஏழு பைட் நீளம்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி, கடைசியாக மண்டலம். மண்டலத்தைக் கால் மணிக் கணக்கில் எழுதுகிறார்கள். நேபாளத்தின் 5 மணி 45 நிமிடம் அதில் 23 கால் மணிகள். உள்ளூர் நேரத்தை எழுதிவிட்டு மண்டலத்தின் இடத்தில் சுழியம் போட்டுவிட்டால், பெறுகிற போன் அதைக் கிரீன்விச் நேரம் என்று நம்பி மறுபடியும் கூட்டும். அப்போது ஓர் அடையாளம் தெரியும்: ஒரே நிறுவனத்திலிருந்து வரும் செய்திகள் மட்டும் எதிர்காலத்தில் இருக்கும், மற்றவர்களுடையவை சரியாக இருக்கும். இப்படியானால் உங்கள் போனில் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

அந்த ஏழு பைட்டுகளில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. எண்கள் கணினி வழக்கமாக எழுதும் இருமத்தில் (0, 1 மட்டும் கொண்ட முறையில்) இல்லாமல், ஒவ்வோர் இலக்கமும் அரை பைட்டில் தனித்தனியாக, அதுவும் இடம் மாற்றி எழுதப்படுகின்றன. ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 2010 ஜனவரியில் விண்டோஸ் மொபைல் போன்கள் பலவற்றில் வந்த செய்திகள் 2016 என்று காட்டத் தொடங்கின. பலரும் சொன்ன விளக்கம் எளிமையானது: '10' என்ற இரண்டு இலக்கங்களைப் பதினாறடிமான எண்ணாக, அதாவது பத்துப் பத்தாக இல்லாமல் பதினாறு பதினாறாக எண்ணும் முறையில், வாசித்தால் 16. அதற்கு முந்தைய ஆண்டு வரை '09' என்பதை எப்படி வாசித்தாலும் ஒன்பதுதான், ஆகவே தவறு அங்கேயே இருந்தும் யார் கண்ணிலும் படவில்லை. ஆறு ஆண்டு என்று பிசகின் அளவைத் துல்லியமாகப் பார்த்ததால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது என்று நான் நினைப்பதுண்டு.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும் நாடுகளில் ஒரு மணி நேரப் பிசகு இன்னும் சகஜம். எந்த நாடு எந்த நாளில் மாற்றும் என்ற அட்டவணை போனுக்குள்ளேயே இருக்கிறது. அரசு கடைசி நிமிடத்தில் மனம் மாறினால் அட்டவணை மாறாது. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, மாற்றத்துக்குச் சில நாட்களே இருந்தபோது அதைத் தள்ளிவைத்தது. ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது, போன்கள் ஒரு பக்கமும் அரசு இன்னொரு பக்கமும் நின்றன. சில நாட்களில் பின்வாங்கியது அரசுதான். பழைய போனில் பல ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு இல்லாமல், ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஒரு மணி பிசகினால் காலாவதியான இந்த அட்டவணையைச் சந்தேகிக்கலாம்.

இனி 1970. பல கணினிகளும் போன்களும் நேரத்தை 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எண்ணுகின்றன. செய்தியில் நேரமே பதியாமல் சுழியமாக இருந்தால் அந்த நாள்தான் தெரியும். கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவர்களுக்கு 1969 டிசம்பர் 31. ஆனால் ஜனவரி 1 என்று இல்லாமல் ஜனவரி 20 அல்லது 21 என்று காட்டினால் அது வேறு நோய். ஆண்ட்ராய்டில் சாதாரணக் குறுஞ்செய்தியின் நேரம் மில்லிவிநாடியில் இருக்கும். படத்தோடு வரும் எம்எம்எஸ் செய்தியின் நேரம் விநாடியில். ஒரே இயங்குதளம், ஒரே செய்திப் பெட்டி, இரண்டு அலகுகள். இதை யார் முடிவு செய்தார்களோ, அவர்களுக்கு என் வணக்கம். பழைய போனிலிருந்து புதிய போனுக்குச் செய்திகளை மாற்றும் செயலி இந்த வித்தியாசத்தைக் கவனிக்காவிட்டால், 170 கோடி விநாடியை 170 கோடி மில்லிவிநாடியாக வாசிக்கும். அது இருபது நாள் கூட ஆகாது. ஆகவே குடும்பப் படங்கள் எல்லாம் 1970 ஜனவரி மூன்றாம் வாரத்தில் போய்க் குவியும். தலைகீழாக வாசித்தால் ஆண்டு ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும். இந்தக் குழப்பம் உங்கள் போனில் வந்திருந்தால் பழைய போனை அழித்துவிடாதீர்கள். வேறு செயலியால் மறுபடி மாற்றிப் பார்க்க அது வேண்டும்.

தாமதம் என்பது தனிக் கதை. போன் அணைந்திருந்தாலோ சிக்னல் இல்லாவிட்டாலோ மையம் செய்தியை வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும். எத்தனை காலம் என்பதை அனுப்புகிறவரின் பக்கமே குறிப்பிடலாம்: 5 நிமிடத்திலிருந்து 63 வாரம் வரை எழுத விதியில் இடமுண்டு. நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி அதைக் குறைத்துக்கொள்ளலாம். போனில் இடம் நிரம்பியிருந்தால் போனே 'இடமில்லை' என்று திருப்பி அனுப்பும். இடம் கிடைத்ததும் நெட்வொர்க்குக்குச் சொல்லும். காத்திருந்தவை மொத்தமாக வந்து விழும். பத்து செய்திகள் ஒரே நிமிடத்தில் வந்ததாகத் தெரிந்தால் முதலில் சேமிப்பிடத்தைப் பாருங்கள்.

உச்சமான சம்பவம் 2019இல் அமெரிக்காவில் நடந்தது. பிப்ரவரி 14 அன்று, காதலர் தினத்தில், நிறுவனங்களுக்கு இடையே செய்திகளைக் கடத்தும் ஒரு சர்வர் பழுதாகிச் செய்திகள் உள்ளேயே சிக்கிக்கொண்டன. நவம்பர் 7 அதிகாலையில் பராமரிப்பு வேலையின்போது அவை விடுபட்டன. 1,68,149 செய்திகள். ஏறக்குறைய ஒன்பது மாதம் முந்திய சொற்கள், அப்போதுதான் எழுதியவை போல வந்து சேர்ந்தன. பிரிந்துபோனவர்களிடமிருந்து வந்தன, இதற்கிடையே இறந்துவிட்டவர்களிடமிருந்தும் வந்தன. அனுப்பியதாகக் காட்டப்பட்டவர்களுக்கோ தங்கள் பெயரில் என்ன போயிற்று என்றே தெரியவில்லை.

தாமதமான செய்தியை எங்கே வைப்பது என்பதில் செயலிகளுக்கிடையே ஒற்றுமை இல்லை. மையத்தின் நேரப்படி வைத்தால் அது பழைய செய்திகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும். நாம் மேலே போய்ப் பார்த்தால்தான் உண்டு. வந்த நேரப்படி வைத்தால் கீழே புதிது போல நிற்கும். மூன்று மணி நேரத்துக்கு முந்தைய "வாசலில் நிற்கிறேன்" இப்போது கதவைத் திறக்க வைக்கும். ஆண்ட்ராய்டின் செய்திக் கிடங்கில் இரண்டு நேரங்களுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. எதைக் காட்டுவது என்பது செயலியின் முடிவு. வந்த நேரப்படி அடுக்கிவிட்டு, அதிகம் பிந்தியிருந்தால் மட்டும் மையத்தின் நேரத்தையும் பக்கத்தில் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் செய்தியைவிட, பிந்தி வந்து குழப்பும் செய்தி பரவாயில்லை.

நீளமான ஒரே செய்தி துண்டாகி வரும்போது மட்டும் வரிசை தவறுவது அரிது. ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழ் போன்ற யூனிகோடு எழுத்தில் 70 குறியீடு. 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து, அங்கே இரண்டு. அதைத் தாண்டினால் துண்டுகளாகும்; தமிழில் துண்டுக்கு 67. ஒவ்வொரு துண்டின் தலையிலும் 'மொத்தம் இத்தனை, இது இத்தனையாவது' என்று எழுதியிருக்கும். அதனால் மூன்றாவது முதலில் வந்தாலும் போன் பொறுத்திருந்து சேர்த்துவிடும். ஆனால் நாம் தனித்தனியாக அனுப்பும் நான்கு சிறு செய்திகளுக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது. முத்திரையின் நுணுக்கம் விநாடி வரைதான். ஒரே விநாடியில் மையத்தை அடைந்த இரண்டில் எது முந்தியது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்று உடனே போய், மற்றொன்று முதல் முயற்சியில் தோற்று மறுபடி வந்தால் வரிசை புரண்டுவிடும். தனித்தனிக் கணினிகளில் நடப்பவற்றின் வரிசையை, அவற்றின் கடிகாரங்களை மட்டும் நம்பித் தீர்மானிக்க முடியாது என்பதையும், எண்ணிட்டுக்கொண்டே போவது எப்படி உதவும் என்பதையும் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978லேயே எழுதிவிட்டார்.

ஓடிபி விஷயத்தில் இது கையைச் சுடும். எண் வரவில்லையே என்று 'மீண்டும் அனுப்பு' என்பதை இரண்டு முறை தொடுகிறோம். மூன்று எண்கள் புரண்டு வருகின்றன. கடைசியாக வந்ததைப் போடுகிறோம். அது முதலில் உருவானதாக இருந்தால் செல்லாது. மறுபடி 'மீண்டும் அனுப்பு'. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரே வழி, எதையும் தொடாமல் சில நிமிடம் காத்திருந்து, பழையவை எல்லாம் வந்து முடிந்த பிறகு ஒரே ஒரு முறை கேட்பது. எஸ்எம்எஸ் இல்லாமல் செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது வேறு: அந்த எண் நேரத்திலிருந்தே பிறக்கிறது, போன் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினாலே நிராகரிக்கப்படலாம்.

இணையம் வழியாகப் போகும் செய்திகளில் காரணங்கள் சற்று வேறு. ஒரே உரையாடலில் சில வரிகள் இணையம் வழியாகவும், இணையம் அறுந்தபோது சில வரிகள் எஸ்எம்எஸ் வழியாகவும் போனால் இரண்டு பாதைகளுக்கும் வேகம் வேறு. வரிசை தவறத்தான் செய்யும். ஐபோனில் செய்திக் குமிழின் நிறம் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறிய இடத்தில் குழப்பம் தொடங்கினால் இதுதான் காரணம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் போன் பேட்டரியைச் சேமிக்கச் செயலிகளைத் தூங்க வைக்கிறது. காலையில் போனைக் கையில் எடுத்ததும் இரவுச் செய்திகள் கொட்டினால் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிப் பாருங்கள். போனில் ஒரு நேரமும் கணினியில் வேறு நேரமும் காட்டினால் கணினியின் மண்டலத்தைப் பாருங்கள். மின்னஞ்சலை இங்கே பாராட்ட வேண்டும்: அது கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் தன் நேரத்தை ஒரு வரியாக மேலே சேர்த்துவிடும், எங்கே எவ்வளவு நேரம் தங்கியது என்பதை வரி வரியாகப் படிக்கலாம்.

போனைச் சரிசெய்ய உட்கார்ந்தால் நான் முதலில் ஒரு செய்தியை அழுத்திப் பிடித்து விவரங்களைத் திறப்பேன். பல செயலிகளில் அனுப்பிய நேரம், பெற்ற நேரம் இரண்டும் தெரியும். ஐபோனில் உரையாடலை இடப்பக்கம் இழுத்தால் ஒவ்வொன்றின் நேரமும் வரும். பிறகு தேதி, நேரம் பகுதியில் தானியங்கி நேரமும் தானியங்கி மண்டலமும் இயங்குகின்றனவா என்று பார்ப்பேன். பல ஆண்ட்ராய்டு போன்களில் அவை இரண்டு தனித்தனிப் பொத்தான்கள், ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறப்பவர்களே அதிகம். அடுத்து, விமானப் பயன்முறையைப் போட்டு எடுப்பது. அதில் மந்திரம் எதுவும் இல்லை. போன் டவரிடம் புதிதாகப் பதிவு செய்துகொள்ளும்போது நேரமும் புதிதாக வரலாம், காத்திருக்கும் செய்திகளும் வந்து சேரும். இரண்டு சிம் உள்ள போனில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எந்த நெட்வொர்க் தவறான நேரம் தருகிறது என்பது தெரிந்துவிடும். போனை முழுதாக அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகச் சொல்கிறவர்களிடம் போனைக் கொடுக்காதீர்கள். செய்திகள் போய்விடும், காரணம் அப்படியே இருக்கும்.

இவற்றால் இனி வருபவைதான் சரியாகும். தவறான நேரத்தோடு ஏற்கனவே சேமிக்கப்பட்டவை தாமாகத் திருந்தாது. அதில் மிகவும் படுத்துவது எதிர்காலத் தேதி. விளையாட்டில் அடுத்த 'உயிர்' சீக்கிரம் கிடைக்கட்டும் என்று பிள்ளைகள் போனின் தேதியைச் சில மாதம் முன்னே தள்ளிவிடுவார்கள். அந்த நேரத்தில் அந்தப் போனிலிருந்து ஒரு செய்தி போனால் அது அந்த எதிர்காலத் தேதியோடு பதிந்துவிடும். தேதியைத் திருப்பி வைத்த பிறகும் அந்த ஒரு வரி உரையாடலின் அடியிலேயே நிற்கும்; புதிதாக வருபவை எல்லாம் அதற்கு மேலே போய் ஒளிந்துகொள்ளும். செய்தி வந்ததாக ஒலி கேட்கிறது, திறந்தால் அதே பழைய வரி என்று யாராவது சொன்னால் கடைசி வரியின் தேதியைப் பாருங்கள். வேண்டியதை வேறிடத்தில் எழுதிவைத்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் அழித்தால் போதும், மறைந்திருந்தவை கீழே இறங்கிவிடும்.